தண்ணி வாங்கித் தருவதாகச் சொன்னேன்

சென்னை என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். சென்னையில் கடல் இருக்கிறது என்பது பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலேயே தெரியும். அதனால் மணலில் நடப்பதற்கென்று ஒரு ரப்பர் செருப்பைப் பெட்டியில் தனியாக எடுத்து வைத்திருந்தேன். விமான நிலையத்திலிருந்து கார் கிளம்பி முக்கால் மணி நேரம் ஆன பிறகும் ஜன்னலுக்கு வெளியே லாரிகளைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

"கடல் எந்தப் பக்கம் தம்பி?" என்று ஓட்டுநரைக் கேட்டேன்.

"கடலா?" அவர் கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தார். "நாம கடலுக்கு முதுகு காட்டிக்கினு போறோம் மேடம். ஸ்ரீபெரும்புதூர்ல ஏரிதான் கீது. மழை பேஞ்சா கடல் மாதிரியே இருக்கும்."

வண்டியை ஓரம் கட்டி ஏரியைக் காட்டவும் செய்தார். மழை பெய்து வெகுநாள் ஆகியிருக்க வேண்டும். ஏரியின் நடுவில் நான்கு எருமைகள் நின்றுகொண்டிருந்தன. தண்ணீர் அவற்றின் முட்டி வரைதான் இருந்தது.

என் பெயர் தேவி. பினாங்குத் தீவின் தென்கரையில் தெலுக் கும்பார் என்ற மீன்பிடி ஊரில் பிறந்து அங்கேயே நாற்பத்தேழு வயதையும் கழித்தவள். கதவைத் திறந்தால் கடல், குசினி ஜன்னலைத் திறந்தால் கடல். அங்கிருந்து இருபது நிமிடத் தொலைவில் உள்ள எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பதினெட்டு வயதில் சேர்ந்தேன். கார்களுக்கான சின்னச் சின்ன மின் பலகைகளை மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஈயப் பற்றில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. பார்த்துப் பார்த்து, இப்போது மற்றவர்களுக்குப் பார்க்கச் சொல்லிக் கொடுப்பவளாக ஆகியிருக்கிறேன். ஒரகடத்தில் எங்கள் நிறுவனம் புதிதாக ஒரு உற்பத்தி லைன் ஆரம்பிக்கிறது. அதற்குப் பன்னிரண்டு பெண்களைத் தயார் செய்ய மூன்று வாரம் வந்தேன். "உனக்குத்தான் தமிழ் தெரியுமே, சுலபம்" என்றார் எங்கள் சீன மேலாளர். அவர் சொன்னதை நானும் நம்பினேன்.

தங்கிய இடம் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். என்னைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் கொரியர்கள். காலைச் சாப்பாட்டு மேசையில் இட்லிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கிம்ச்சிக் கிண்ணம் இருக்கும். இரண்டையும் செய்வது மண்ணூரிலிருந்து வரும் ஒரு சமையல்கார அம்மா. பத்து வருடமாகக் கொரியர்களுக்குச் சமைத்ததில், அவர்கள் பேச்சும் அவருக்குக் காதிலேயே படிந்துவிட்டது. நான் வந்த அன்று இரவு ஒரு கொரியர் ரசத்தைக் கோப்பையோடு குடித்துவிட்டுப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார்.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

"அவரு சம்சாரம் வெக்கிற சூப்பைவிட இது நல்லாக்கீதாம். ஊருக்குப் போன் போட்டா இத்த மட்டும் சொல்லிடாதன்னு அந்த சார் சொல்றாரு."

மறுநாள் பன்னிரண்டு பெண்களையும் பார்த்தேன். எல்லாரும் இருபதிலிருந்து இருபத்து மூன்று வயதுக்குள். பெரும்பாலும் தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். சேரப்பணஞ்சேரி பக்கம் ஒரே பெண்கள் விடுதியில் தங்கியிருந்தார்கள். சாம்பல் நிறக் கோட்டும் தொப்பியும் போட்டு வரிசையாக நின்றவர்களிடம், எங்கள் ஊர் வழக்கப்படி முதல் கேள்வியைக் கேட்டேன்.

"எல்லாரும் பசியாறியாச்சா?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் நின்ற ஒல்லியான பெண் மெதுவாகச் சொன்னாள்: "அன்னதானத்துல கேக்க மாதிரி கேக்கீகளே அக்கா."

காலைச் சாப்பாடு சாப்பிடுவதை நாங்கள் பசியாறுவது என்றுதான் சொல்வோம் என்று விளக்கினேன். அதிலிருந்து பன்னிரண்டு பேரும் தினமும் காலையில் என்னைச் சூழ்ந்துகொண்டு "அக்கா, பசியாறியாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மேடம் என்ற பட்டம் அன்றோடு ஒழிந்தது.

அந்த ஒல்லிப் பெண்ணின் பெயர் முத்துமாரி. சாத்தூர் பக்கத்துக் கிராமம். அப்பா கருப்பசாமி ஒரு பருப்பு மில்லில் வேலை செய்கிறார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்த இரண்டாவது நாளே, மற்றவர்கள் ஐந்து நிமிடம் தேடும் விரிசலை இவள் ஒரு நிமிடத்தில் காட்டினாள்.

"எப்படிடா கண்டுபிடிச்சே?"

"உளுந்துல கல்லு பாக்க மாதிரிதான் அக்கா. கல்லத் தேடக் கூடாது. உளுந்தப் பாத்துக்கிட்டே போகணும். கல்லு தானா வந்து நிக்கும்."

இருபத்தொன்பது வருடம் இதைச் சொல்லிக்கொடுக்க நான் எத்தனையோ படங்கள் வரைந்திருக்கிறேன். மறுநாள் வகுப்பில் அவள் சொன்னதையே சொன்னேன். பாதிப் பேருக்கு அப்போதே புரிந்துவிட்டது.

ஒரே மொழி பேசுகிறவர்களுக்குள் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும் என்று நான் நினைத்ததே இல்லை. ஷேர் ஆட்டோவில் "அந்தச் சடக்கு முனையில நிறுத்துங்க" என்றேன். ஆட்டோக்காரர், "இன்னா முனை?" என்று திரும்பிக் கேட்டு, நான் விளக்கி முடிப்பதற்குள் அரை மைல் தாண்டிப் போய் நின்றார். சடக்கு என்றால் ரோடு என்பது அவருக்கு வாழ்நாளில் தேவைப்பட்டிருக்கவில்லை. அதே ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒடிசா இளைஞர், "ரோடு, பையா, ரோடு" என்று ஆட்டோக்காரரிடம் சொல்லி எனக்கு உதவினார். தமிழ்நாட்டில் தமிழருக்கும் தமிழருக்கும் நடுவே ஒடியாக்காரர் சமரசம் செய்துவைத்ததை ஊரில் இருக்கும் என் அக்காவுக்குப் போனில் சொன்னபோது அவள் நம்பவில்லை.

இன்னொரு தொல்லை, "உங்க நேட்டிவ் எது?" என்ற கேள்வி. பினாங்கு என்பேன். "அது இல்ல, நேட்டிவ்?" என்பார்கள். தெலுக் கும்பார் என்பேன். "அது எந்த மாவட்டம்?" என்பார்கள். கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவர் மட்டும், "அது எங்க இருந்தா இன்னா, சாப்பாட்டுக்கு இங்கதானே வந்துகிறீங்க" என்று சொல்லி இரண்டு கரண்டி சேர்த்து ஊற்றினார்.

எங்கள் ஊர்த் தொழிற்சாலை வாசலில் காலையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலமும் மைலோ பானமும் விற்பார்கள். இங்கே வாசலில் பிரெட் ஆம்லெட், சுண்டல், மோமோ, செல்போன் கவர், பிளாட் விற்பனை நோட்டீஸ். ஷிஃப்ட் விடும் நேரத்தில் இந்த ரோட்டைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பேருந்துகள் ஒன்றன் பின் ஒன்றாக, ஒரே மாதிரி, மூக்கும் வாலும் இடித்துக்கொண்டு ஊர்ந்து போகும். உள்ளே எல்லா ஜன்னலிலும் ஒரு தலை கண்ணாடியில் சாய்ந்து தூங்கும். எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிள்தான் அதிகம். அதில் தூங்க முடியாது. அந்த வகையில் இந்த ஊர் எவ்வளவோ மேல்.

இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. மூன்றாவது வார வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பேருக்கும் டெஸ்ட். ஆளுக்கு நாற்பது பலகை. நல்லது, கெட்டது பிரித்து வைக்க வேண்டும். தேறினால்தான் புது லைனில் நிரந்தர வேலை. தேறாவிட்டால் பழையபடி பொட்டலம் கட்டும் பிரிவுக்குப் போக வேண்டியதுதான். பெண்கள் பயந்துபோயிருந்தார்கள். புதன்கிழமை சாயங்காலம் அவர்களைக் கொஞ்சம் உற்சாகப்படுத்தலாம் என்று வாட்ஸப் குழுவில் ஒரு குரல் செய்தி அனுப்பினேன். அது இன்னும் என் போனில் இருக்கிறது, அதனால் வார்த்தை மாறாமல் தருகிறேன்:

"பிள்ளைங்களா, பயப்படாதீங்க. டெஸ்ட் முடியட்டும். ஞாயித்துக்கிழமை எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போறேன். தண்ணி நான் வாங்கித் தரேன். யாருக்கு என்ன தண்ணி வேணுமோ கேளுங்க, வெட்கப்படாதீங்க. வயிறு முட்டத் தண்ணி குடிச்சிட்டு வருவோம்."

எங்கள் ஊரில் கடையில் உட்கார்ந்ததும் "என்ன தண்ணி?" என்றுதான் கேட்பார்கள். தேத்தண்ணி, கோப்பி, லைம் ஜூஸ், மைலோ ஐஸ், குடிக்கிற எதுவானாலும் தண்ணிதான். கூட்டாளியைப் பார்த்தால் "வா, தண்ணி குடிக்கலாம்" என்போம். அதற்கு மேல் அந்த வார்த்தையில் எந்த விஷயமும் இல்லை.

குழுவில் சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஒருத்தி "அக்கா நெசமாவா???" என்று எழுதினாள். "நெசமாத்தான். எங்க ஊர்ல மூணு வேளையும் தண்ணிதான்" என்று பதில் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

வியாழக்கிழமை முழுக்கப் பெண்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டெஸ்ட் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு முத்துமாரியிடமிருந்து போன். அழுதுகொண்டே பேசினாள்.

"அக்கா, அப்பா வந்துருக்காக. பெட்டிய எடு, ஊருக்குப் போவம்னு நிக்காக. வார்டன் அக்கா போன் பண்ணிச் சொல்லிட்டாங்க."

"என்ன சொன்னாங்க? நீ என்ன தப்பு செஞ்சே?"

"நான் ஒண்ணும் செய்யலக்கா. நீங்க அனுப்புன மெசேஜுதான்..." அதற்குள் யாரோ கூப்பிட, போனை வைத்துவிட்டாள்.

ஒன்றும் புரியவில்லை. எனக்கான கார் எட்டரைக்குத்தான் வரும். ஆனால் எங்கள் கம்பெனிப் பேருந்து ஏழு மணிக்குக் கெஸ்ட் ஹவுஸ் முனையில் நின்று, விடுதி வழியாகப் போய், டெஸ்ட் இல்லாத மற்ற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் என்பது தெரியும். கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். வெள்ளைப் பேருந்து நின்றுகொண்டிருந்தது. உள்ளே சாம்பல் நிறக் கோட்டுகள். ஏறி உட்கார்ந்தேன். எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்ததால் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

வலது பக்கம் திரும்ப வேண்டிய பேருந்து நேராகப் போனபோதே எழுந்து கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டேன். பிள்ளைப்பாக்கத்தில், முன்பின் பார்த்திராத ஒரு தொழிற்சாலையின் வாசலில் அது நின்றது. கோட்டின் நிறம் மட்டும்தான் எங்கள் கம்பெனி. மற்றதெல்லாம் வேறு.

வாசல் காவலர் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மீசை நரைத்த மனிதர். "இது இன்னா கம்பெனி மேடம்? இங்க எப்டி வந்தீங்க?" என்றார். அவர் கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பதினொரு மணிக்கு டெஸ்ட், பெட்டியோடு கிளம்பச் சொல்லும் அப்பா, என்னவென்றே தெரியாத என் குற்றம். அந்தக் குரல் செய்தியையும் போட்டுக் காட்டினேன்.

கேட்டு முடித்ததும் அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"மேடம், இங்க தண்ணின்னா தண்ணிதான். ஆனா 'தண்ணி வாங்கித் தரேன்'னா அது தண்ணி இல்ல."

"பின்னே?"

"சரக்கு மேடம்."

"சரக்குன்னா லோரியில ஏத்துவாங்களே, அதா?"

அவர் கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். பிறகு கட்டைவிரலை வாயருகில் கொண்டுபோய்த் தலையைப் பின்னால் சாய்த்துக் காட்டினார்.

இப்போது புரிந்தது. பன்னிரண்டு பெண்களையும் ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போய், வயிறு முட்டக் குடிக்க வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். எங்கள் ஊரில் மூன்று வேளையும் இதுதான் என்று எழுத்திலும் கொடுத்திருக்கிறேன்.

"எனக்கு உடனே சேரப்பணஞ்சேரி போகணும்" என்று எழுந்தேன்.

காவலர் சுற்றும் முற்றும் பார்த்தார். கேன்டீன் பக்கமிருந்து ஒரு தண்ணீர் டேங்கர் லாரி வெளியே வந்துகொண்டிருந்தது. அதைக் கைகாட்டி நிறுத்தினார். "நீ அந்தாண்ட ஹாஸ்டலுங்களுக்குத்தானே போற? மேடத்த இட்டுக்கினு போய் வுட்டுடு" என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "இதுவும் தண்ணி வண்டிதான் மேடம். அந்த வார்த்தையையும் எங்கியும் சொல்லிடாதீங்க. அதுக்கு வேற அர்த்தம் கீது" என்றார்.

லாரியின் உயரத்திலிருந்து அந்த ஊரை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். தொழிற்சாலைச் சுவரை ஒட்டியே நெல் வயல். வயலை ஒட்டியே மனைக்கற்கள். காவலர் ஓட்டுநர் காதில் என்ன சொன்னாரோ, அவர் அவ்வப்போது என்னைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டார். பள்ளத்தில் விழும்போதெல்லாம் பின்னாலிருந்து தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது.

விடுதி வாசலில் லாரி திரும்பும்போதே மாடியிலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "தண்ணி வந்துருச்சு!"

நான் கதவைத் திறந்து இறங்கினேன்.

மாடியில் ஒரே அமைதி. பிறகு ஒருத்திக்குச் சிரிப்பு வெடித்தது, தொடர்ந்து எல்லாருக்கும். கீழே மூன்று பேர் மட்டும் சிரிக்காமல் நின்றார்கள். கையில் குழாய்ச் சாவியோடு வார்டன் எஸ்தர். வேட்டி சட்டையில், தோளில் துண்டோடு ஒரு மனிதர், அவர்தான் கருப்பசாமி. அவருக்குப் பின்னால், அழுது கண் வீங்கிய முத்துமாரி, காலடியில் பெட்டி.

நான் பேசுவதற்கு முன் எஸ்தர் ஆரம்பித்தார். உள்ளூர்க்காரர், என் வயதுதான் இருக்கும்.

"மேடம், கோச்சிக்காதீங்க. நாப்பது பொண்ணுங்க என் பொறுப்புல கீறாங்க. பெத்தவங்க என்னைய நம்பித்தான் வுட்டுட்டுப் போயிக்கிறாங்க. ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டுக்கினு இதுங்க சிரிக்குதுங்க. நான் காதுல வாங்கிக்கினு சும்மா இருந்தா நல்லா இருக்குமா?"

"நல்லா இருக்காது" என்றேன். "நானா இருந்தாலும் போன் பண்ணியிருப்பேன்."

பிறகு எங்கள் ஊர்த் தண்ணியைப் பற்றி விளக்கினேன். தேத்தண்ணி, லைம் ஜூஸ், மைலோ எல்லாவற்றையும் சொன்னேன். மைலோ என்றதும் எஸ்தரின் முகம் இளகியது. "மைலோவுக்கா மேடம் நான் எஸ்டிடி போட்டு அந்த மனுசன வரவச்சேன்?" என்று தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

கருப்பசாமி அசையவில்லை.

"வார்த்தைய விடுங்க தாயி" என்றார். கோபமான குரல் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அது இப்ப வெளங்கிருச்சு. உங்க மேல தப்பில்ல. ஆனா நான் இவளக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன், கூட்டிட்டுத்தான் போவேன்."

"ஏன்யா?"

"எம்மக இங்க வந்து எட்டு மாசமாச்சு. மொதல்ல பொட்டலம் கட்டுதேன்னா. இப்ப என்ன வேல பாக்கன்னு கேட்டா, போர்டு பாக்கேன்னு சொல்லுதா. போர்டுன்னா என்ன, கரும்பலகையா? எனக்குத் தெரியல. மில்லுல கூட வேல பாக்கவன் கேக்கான், ஒம்மக என்ன வேல பாக்கான்னு. பதில் சொல்ல முடியல. என்ன வேலன்னே தெரியாம பொம்பளப் புள்ளய எதுக்கு அம்புட்டுத் தூரம் விட்டு வச்சிருக்கன்னு கேக்கான். அது சரிதான தாயி? பஸ்ஸுல உக்காந்து அதத்தான் நெனச்சுக்கிட்டே வந்தேன்."

முத்துமாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டெஸ்டைப் பற்றியும் நிரந்தர வேலையைப் பற்றியும் சொல்லலாம். சொன்னால் அது பணத்தைப் பற்றிய பேச்சாகப் போகும். அவர் கேட்டது அதை இல்லை.

என் கைப்பையில் எப்போதும் ஒரு கையளவு பூதக்கண்ணாடி இருக்கும். கழித்துப்போட்ட பலகை ஒன்றும் இருக்கும், வகுப்பில் காட்டுவதற்காக. இரண்டையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இதுதான்யா போர்டு. கார் பின்னால வரும்போது, பின்னால பிள்ளை நின்னா காட்டுமே, அந்தக் கேமராவுக்குள்ள இருக்கிறது. இதுல ஒரு இடத்துல விரிசல் இருக்கு. விரிசல் இருந்தா கேமரா ஒரு நாள் திடீர்னு அணைஞ்சிடும். எங்க இருக்குன்னு பாருங்க."

அவர் பெரிய அக்கறையில்லாமல்தான் வாங்கினார். கண்ணாடியைக் கண்ணில் வைத்துச் சூரியன் பக்கம் திரும்பினார். பலகையைக் கிட்டே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு."

"முத்துமாரி, அப்பாவுக்குக் காட்டு" என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒரு பார்வைதான் பார்த்தாள். துப்பட்டாவில் இருந்த ஊக்கைக் கழற்றி, அதன் முனையால் தொட்டுக் காட்டினாள். "இந்தாப் பாருங்கப்பா. மேல இருந்து மூணாவது காலு. வெள்ளிப் பொட்டு மாதிரி இருக்குல்ல, அதுல முடி கெடக்க மாதிரி ஒரு கோடு. அது முடி இல்ல. ஊதினாலும் போகாது."

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஊதியும் பார்த்தார்.

"ஆமாத்தா..." என்றார். பிறகு அவரே அடுத்த புள்ளிக்கு நகர்ந்தார். "இது?"

"அது நல்லது."

"இந்தா, இது?"

"அதுவும் நல்லது. ஈயம் கொஞ்சம் கூடுதல், ஆனா பரவாயில்ல."

"இது கெட்டதுதான?"

"இல்லப்பா, அது உங்க கண்ணாடியில இருக்க அழுக்கு."

மாடியில் மறுபடி சிரிப்பு. இந்த முறை கருப்பசாமியும் சிரித்தார். கண்ணாடியைத் துண்டால் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டு மகளைப் பார்த்தார். வெகுநாளாகத் தெரிந்த ஒருவரை யாரோ புதிதாக அறிமுகப்படுத்தி வைத்தால் எப்படிப் பார்ப்போமோ, அப்படி.

"எத்தன மணிக்குப் பரிச்ச?"

"பதினொரு மணிக்குப்பா."

"அப்ப ஏன் இன்னும் நிக்க? போய்த் தலையச் சீவு."

டெஸ்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரண்டரை மணி நேரம் ஒரு அறையில் பன்னிரண்டு முதுகுகள் வளைந்திருந்தன. நான் அறைக்குள் நிற்கக் கூடாது என்பதால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று நகத்தைக் கடித்தேன். மூன்று மணிக்கு முடிவு வந்தது. பத்துப் பேர் தேறிவிட்டார்கள். இரண்டு பேருக்குத் திங்கட்கிழமை மறுபடி ஒரு வாய்ப்பு. முத்துமாரி மூன்றாவது இடம். ஒரே ஒரு பலகையைத் தவறவிட்டிருந்தாள். தேறியதற்குச் சந்தோஷப்படாமல் அந்த ஒன்றைக் காட்டச் சொல்லி அடம்பிடித்தாள். காட்டினேன். பார்த்துவிட்டுத் தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் விடுதிக்குப் போனபோது கருப்பசாமி சமையலறை வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். குளித்துச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கப் பிடிக்காமல், எஸ்தரின் உளுந்து மூட்டையைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்.

"இது ரெண்டாந்தரம். முதல் தரம்னு சொல்லி ஒங்க தலையில கட்டிட்டான்" என்று எஸ்தரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருசமா இதத்தான் வாங்கிக்கினு கீறேன்" என்றார் எஸ்தர் அதிர்ச்சியோடு. இனிமேல் உளுந்து சாத்தூரிலிருந்தே வரும் என்று நான் போவதற்கு முன்பே முடிவாகிவிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "ஞாயித்துக்கெழம நானும் வரேன் மேடம். எந்தப் பொண்ணுக்கு இன்னா ஜூஸுன்னு நானே பாத்துக்கறேன்" என்றார்.

ஐந்து மணிக்குக் கருப்பசாமி கிளம்பினார். கிளாம்பாக்கம் போய் ஊருக்குப் பேருந்து பிடிக்க வேண்டும். நானும் முத்துமாரியும் மெயின் ரோடு வரை கூடவே போனோம். பேருந்து நிறுத்தத்தில் மூன்று பேரும் நின்றோம். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தாயி, ஒரு ஒத்தாச செய்யணும். இவ வேலைக்கு என்ன பேருன்னு ஒரு பேப்பர்ல எழுதித் தாங்க. ஊர்ல கேட்டா சொல்லணும்ல."

பையிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அவர் வாசிக்கும்படி தமிழில் பெரிய எழுத்தில் எழுதினேன்: விஷுவல் இன்ஸ்பெக்டர்.

அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். இரண்டாவது வார்த்தையில் நின்றார். நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"இன்ஸ்பெக்டரா?"

"ஆமாய்யா" என்றேன். "பேர் அதேதான். இவ பிடிக்கிறது விரிசலை."

"அது என்னத்தப் பிடிச்சா என்ன? இன்ஸ்பெக்டர்ல?" தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருந்தார்.

பேருந்து வந்தது. ஏறும்போது மகளிடம், "நல்லாச் சாப்பிடு, எலும்பா இருக்க" என்று மட்டும் சொன்னார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பேருந்து நகர்வதற்குள் அந்தத் தாளை வெளியே எடுத்துவிட்டார். பக்கத்து இருக்கைக்காரர் யாரென்றே தெரியாது, அவரிடம் அதை நீட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்திருந்தார். நடத்துநரும் குனிந்து பார்ப்பது தெரிந்தது.

"ஐயோ, பூரா பஸ்ஸுக்கும் சொல்லுதாகளே" என்று முத்துமாரி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். மூடியபடியே கையை மட்டும் ஆட்டினாள். பேருந்து படப்பைப் பக்கம் போய் மறைந்ததும் மெல்ல முகத்தை எடுத்தாள்.

"அக்கா, மூணாவதா வந்தேன்னும் சொல்லிருவாகளோ?"

"சொல்ல மாட்டார்" என்றேன். "கிளாம்பாக்கம் போய்ச் சேர்றதுக்குள்ள அது முதலாவதா ஆயிடும்."